தள்ளிட்டாங்க

தங்கைக்குச் சொல்லவேண்டிய சேதியைச் சென்னியப்பன் தப்பாகச் சொல்லிவிட்டார். பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல்தான் சொன்னார். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது, சொல்லி முடித்துப் போனைச் சட்டைப்பையில் போட்டு, ஆறிப்போன டீயைக் குடித்து, கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. ‘தள்ளிட்டாங்க.’ அவ்வளவுதான். டில்லியில் கேஸைத் தள்ளிவிட்டார்கள். சரி. தள்ளுபடி செய்துவிட்டார்களா, தள்ளி வைத்துவிட்டார்களா? அதை அவர் கேட்கவில்லை. அவருக்குச் சொன்ன நாச்சிமுத்துவும் கேட்கவில்லை. நாச்சிமுத்துவின் மச்சினன் டில்லியில் இட்லிக்கடை வைத்திருக்கிறான். அங்கே சாப்பிட வருகிற வக்கீல் குமாஸ்தா எவனோ கை கழுவிக்கொண்டே சொன்னதை அவன் தமிழாக்கி, தள்ளிட்டாங்களாம் மச்சான் என்று போனில் சொன்னான். அதோடு லைன் போய்விட்டது. டில்லியிலிருந்து நாச்சிமுத்து காதுக்கு, நாச்சிமுத்து வாயிலிருந்து இவர் காதுக்கு, இவர் வாயிலிருந்து திருப்பூரில் துளசிமணி காதுக்கு. நாலு பேர் கை மாறி வந்திருக்கிறது. ஒருத்தனும் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் காதில் எந்தத் தள்ளிட்டாங்க விழுந்தது? மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். பன்னிரண்டுக்குப் பெருமாநல்லூர்க்காரன் வண்டியோடு வருகிறான். கேஸைத் தள்ளி வைத்தால் தையல் மெஷின் ஆறையும் அவனுக்கு விற்று ஏற்றிவிட்டு யூனிட்டைப் பூட்டிவிடுவதாகத் துளசிமணி சொல்லியிருந்தாள். தள்ளுபடி ஆனால் வண்டியை வெறுமனே திருப்பி அனுப்புவாள். இவ்வளவு வெட்டவெளிச்சமாக நேற்றுச் சாயங்காலம் சொன்னாள். இன்னும் பதினாலு மாசம் இழுத்தால் தன்னால் தாங்காது என்றாள். நீங்கள் டிவி முன்னால்தானே உட்கார்ந்திருப்பீர்கள், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும் என்றாள். ஒரு வார்த்தை கேட்டாள். ஒரு வார்த்தை சொன்னார்.

கோயமுத்தூரில் சுங்கம் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி. பங்குத் தரகர் ஆபீஸ். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தத்தைக் குறைத்து வைத்த ஒரு டிவி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் ஆர்டர் போடுகிற ஜெசிந்தா. சென்னியப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆன நாள் முதல், பதினாறு வருஷமாக, ஒன்பதே காலுக்கு வந்து சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்றரைக்கு எழுந்து போகிறார். பேச்சு அதிகம் கிடையாது. பேசுகிறவர்களுக்கும் அதிகம் தெரியாது என்பது அவர் எண்ணம். இன்றைக்கு அத்தனை வாயும் சரவேகாவைத்தான் மென்றது. சரவேகா, போனில் சாமான் விற்கிற கம்பெனி. ஊர்ப்பட்ட சின்ன வியாபாரிகள் அதில் கடை போட்டிருக்கிறார்கள். அவர்களில் எவன் சரக்கு ஓடுகிறது என்று கம்பெனி பார்க்கும். அதையே தானும் செய்யும். தன்னுடையதை மேலே காட்டி மற்றவனைக் கீழே தள்ளிவிடும். சந்தையும் அவனே, கடையும் அவனே, தராசும் அவனே என்று வியாபாரிகள் சங்கம், வியாபாரப் போட்டியைக் கவனிக்கிற ஆணையத்தில் புகார் கொடுத்தது. ஆணையம் அபராதம் போட்டு, இனிமேல் அப்படிச் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. கம்பெனி தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போய் உத்தரவுக்குத் தடை வாங்கியது. இன்றைக்கு அந்த மேல்முறையீடுதான். தள்ளுபடி என்றால் கம்பெனி தோற்றது, துளசிமணி பிழைத்தாள். தள்ளி வைத்தால் தடை அப்படியே நிற்கும், கம்பெனி இப்போதுபோல ஓட்டும். முறுக்கு ஒன்றுமில்லை. ஆனால் சென்னியப்பனுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கவேண்டியிருந்தது. பாதி வழியில், தள்ளினது யார், தள்ளப்பட்டது எது என்று குழம்பி, திரும்பவும் சந்தையும் அவனே என்ற இடத்துக்கே வந்து நின்றார்.

தெய்வசிகாமணி பேசிக்கொண்டிருந்தார். காலேஜில் பொருளாதாரம் நடத்தியவர், எல்லோருக்கும் வாத்தியார். அபராதம் அந்தக் கம்பெனிக்குக் கொசுக்கடி என்றார். ஆனால் சொந்தச் சரக்கில் கை வைத்தால் கதை வேறு, அதில்தான் வருங்காலம், அதை எடுத்துவிட்டால் சந்தையில் சுங்கம் வசூலிக்கிறவன் மாதிரி ஆகிவிடும் என்று ஆரம்பித்து, வெளிநாட்டில் எந்தெந்தக் கம்பெனியை எப்படி உடைத்தார்கள் என்று போனார். நாச்சிமுத்துவுக்குத் தேங்காய் மண்டி. சுங்கம் வசூலிக்கிறவன் எந்தக் காலத்தில் நட்டப்பட்டான் என்று கேட்டார். வருகிற ஜனமெல்லாம் அவன் கையில் இருக்கிறது. விளம்பரத்தில் எடுப்பான், குடோனில் எடுப்பான், லாரியில் எடுப்பான். வாத்தியார் பயப்படுகிற பயத்தைப் பார்த்தால் கம்பெனியை வாத்தியார்தான் பெற்று வளர்த்த மாதிரி இருக்கிறது என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். டிவியில் ஒரு பெண் வாயசைத்தாள். அவளுக்குக் கீழே சரவேகா என்ற இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியும் ஓடின. டிவிக்காரனுக்கே தெரியவில்லை. ஜெசிந்தாவைக் கேட்டால், தீர்ப்பாயம் ஏதோ சொல்லிவிட்டதாகத்தான் வந்திருக்கிறது, என்னவென்று கம்பெனி இன்னும் எழுதித் தரவில்லை என்றாள். அப்புறம் வாத்தியாரும் நாச்சிமுத்துவும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

“வெல ஏறுது பாருங்க. அப்பத் தள்ளித்தான் வெச்சிருக்காங்க.”

“வாத்தியாரே, அரைமணிக்கு முந்தி எறங்குச்சே, அப்பத் தள்ளுபடியா? டில்லி ஜட்ஜு உங்க டிவியப் பாத்துப் பாத்தா தீர்ப்பு எழுதறாரு?”

இதைக் கேட்டபோதுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது. அதற்கு முன்னால் உறைக்கவே இல்லை. ஏன் உறைக்கவில்லை? அவர் சொன்னபோது தலைக்குள் ஏதோ ஒரு அர்த்தம் இருந்திருக்க வேண்டுமே. அர்த்தம் இல்லாமல் ஒருவன் எப்படிப் பேசுவான்? நாச்சிமுத்து, தள்ளிட்டாங்க என்று போனை மூடினார். இவர் எழுந்து மாடிப்படிக்குப் போனார். துளசிமணியைக் கூப்பிட்டார். பின்னால் மெஷின் சத்தம். அவள், சொல்லுங்ணா என்றாள். இவர், தள்ளிட்டாங்க என்றார். அந்த நேரத்தில் மனசில் இருந்தது எது? நினைவைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். படிக்கட்டுச் சுவரில் வெற்றிலை எச்சில் கறை நினைவுக்கு வந்தது. கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தது வந்தது. அர்த்தம் மட்டும் வரவில்லை. சரி, அவள் என்ன சொன்னாள்? “செரிங்ணா” என்றாள். செரி. அதை எந்த மாதிரி சொன்னாள்? ஜெயித்தவள் செரி என்றா சொல்வாள்? அப்படியா, நெசமாவா என்று இரண்டு தடவை கேட்க மாட்டாளா? ஆனால் துளசிமணி அப்படிக் கேட்கிறவள் இல்லை. புருஷன் செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து சொன்னபோதும் செரிங்க என்றாள். முதல் பெரிய ஆர்டர் கிடைத்ததென்று ஆள் வந்து சொன்னபோதும் செரிங்க என்றாள். ஒரே செரிதான் அவளிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதையே போடுவாள். இவரிடம் ஒரு தள்ளிட்டாங்க, அவளிடம் ஒரு செரி. அண்ணனும் தங்கையும் பேசிய பேச்சு முடிந்தது. மொத்தம் ஆறு செகண்டு. கூடக் கொஞ்சம் பேசியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும் என்று செத்துப்போன பொண்டாட்டி கேட்பாள். வாழ்நாளெல்லாம் அதையேதான் கேட்டாள்.

உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு? என்ன சொல்வது? எனக்குத் தெரியாது என்றா? அந்தச் சொல்லை அவர் துளசிமணியிடம் சொன்னதே கிடையாது. மின்சாரமோ, நிலமோ, மாப்பிள்ளை பார்க்கிறதோ, எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்தார். தப்பான பதிலாகக்கூட இருந்திருக்கிறது. மாப்பிள்ளை விஷயத்தில் தப்புதான். ஆனால் பதில் இருந்தது. முதலில் டில்லியில் நடந்தது தெரியட்டும், தெரிந்துகொண்டு ஒரே தடவையாகச் சொல்வோம் என்று உட்கார்ந்தார். டிவியைப் பார்த்தார். ஏறுகிற விலைக் கோட்டைப் பார்த்தார். கோடு ஏறினால் உள்ளே ஏதோ ஒன்று சொகுசாக ஏறியது. அதைக் கண்டு அவருக்கே பயமாக இருந்தது. ஏனென்றால் கோடு ஏறினால் மெஷின் போகும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. ஜெசிந்தாவுக்குத் தெரியும், அவள் போட்ட ஆர்டர். சரவேகாவில் அவருக்கு நானூற்றைம்பது பங்கு இருக்கிறது. இருநூற்றைம்பது முன்னமே வாங்கினது, அப்போது துளசிமணி அந்தக் கம்பெனியில் விற்கவே இல்லை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மிச்ச இருநூறு போன தையில். பொங்கல் கழித்துத் திருப்பூர் போயிருந்தார். துளசிமணி குழந்தைகளுக்கு ராத்திரி போடுகிற உடுப்பு தைக்கிறாள். மஞ்சள் துணி, நெஞ்சில் ஒரு முயல். அந்த முயலை அவளே வரைந்தாள்; நாலு நாள் வரைந்து வரைந்து அழித்தாள். அந்த முயல் ஓடியது. ஆந்திராவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆர்டர் வந்தது. ஆறு மெஷின் அந்த முயலில் வந்ததுதான். அன்றைக்கு அவள் போனை எடுத்து, பாருங்ணா என்று காட்டினாள். மேலே முதலாவதாக ஒரு முயல். அவளுடையது இல்லை, கம்பெனியுடையது. அதே மஞ்சள், அதே நெஞ்சு, நாற்பது ரூபாய் தள்ளுபடி. ஒரு காதை மட்டும் மடக்கிவிட்டிருந்தான். காதை மடக்கிட்டா வேற முயலாயிருமாண்ணா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே விரலால் தள்ளிக்கொண்டு போனாள். தள்ளினாள், தள்ளினாள். ஒன்பதாவது பக்கத்தில், எவனும் போகாத இடத்தில், இரண்டு காதும் நிமிர்ந்த முயல். என்னைக் கீழ தள்ளிட்டாங்ணா என்றாள். அன்றைக்கும் இதே சொல்தான். தள்ளுபடியும் அவனே போடுகிறான், தள்ளுகிறதும் அவனே. அவர் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். சொந்தச் சரக்கில் இறங்கிவிட்டான், இவ்வளவு சுத்தமாகச் செய்கிறான், லாபம் கூடும். மறுநாள் காலை ஒன்பதரைக்கு இருநூறு பங்கு வாங்கினார். அதில் தப்பென்று அப்போது தோன்றவில்லை. அந்தத் தலை வேறு, இந்தத் தலை வேறு. பஸ்ஸில் யோசித்தது நாற்காலித் தலை. முயலைப் பார்த்தது அண்ணன் தலை. இரண்டும் ஒரே கழுத்தின் மேல்தான் இருக்கிறது என்று யார் சொல்வது?

பன்னிரண்டு ஐந்து. இனிப் பொறுக்க முடியாது என்று கூப்பிட்டார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். இன்னொரு தடவை. அவளே, அதே மரியாதை. வண்டி வந்திருக்கும். மெஷினைக் கழற்றுகிறார்கள், அந்தச் சந்தடியில் கேட்டிருக்காது. அல்லது வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள், அதனால் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மணியடிப்பு. மின்வாரியத்தில் இப்படி இருந்ததா? அங்கே கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனுக்குப் போன் போடவேண்டும். எந்த லைன், எத்தனை மணி, யார் கேட்கிறது. அந்தப் பக்கம் இருக்கிறவன் அத்தனையையும் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சென்னியப்பன் ஏற விடமாட்டார். திருப்பிச் சொல்லு என்று கத்துவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேரே திருப்பிச்சொல்லு என்று வைத்திருந்தார்கள், அவருக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு. அவர் புதுசாக வேலைக்குச் சேர்ந்த வருஷம் சடையப்பன் என்று ஒரு வயர்மேன். போன் போட்டு, எடுத்தாச்சா என்று கேட்டான். எடுத்தாச்சு என்றான் அந்தப் பக்கத்துக்காரன். சடையப்பன் கேட்டது லைனில் கரண்டை. அவன் சொன்னது போனை. போனை எடுத்தாச்சு, சொல்லுங்க என்று சொல்லவந்தான். சடையப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் போயிற்று. உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள். அந்த இரண்டு விரலுக்காக முப்பத்துநாலு வருஷம் ஊரில் உள்ளவனையெல்லாம் திருப்பிச் சொல்ல வைத்தவர், இன்றைக்குச் சொந்தத் தங்கச்சியிடம் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அவள் செரி என்றதும் போனை வைத்தார். ஏன்? அவசரம். என்ன அவசரம்? படிக்கட்டில் நிற்கும்போதே உள்ளே நாச்சிமுத்து, ஏறுது ஏறுது என்று கத்தினார். அதைப் பார்க்க ஓடி வந்தார். அதுதான் அவசரம். அப்போ மனசில் இருந்த அர்த்தம் அதுதானா? தள்ளி வைத்துவிட்டார்கள், விலை ஏறுகிறது, நல்லது? தங்கச்சியிடம் அவர் சொன்னது தோற்றுவிட்டாய் என்ற சேதியா? அதையா அவ்வளவு சுருக்காகச் சொன்னார்? இல்லை, இல்லை, அப்போது கோடு ஏற ஆரம்பிக்கவே இல்லை, நாச்சிமுத்து கத்தினது போனை வைத்த பிறகு. முன்னாலா, பிறகா? வெற்றிலைக் கறை, ஆட்டோ ஹாரன், நாச்சிமுத்து கத்தல். எது முன்னால்?

ஜெசிந்தா கண்ணாடித் தடுப்பின் துளை வழியாகக் கூப்பிட்டாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், ஐயா, உங்க நானூத்தம்பது நல்ல வெலைல நிக்குது, வித்துடட்டுங்களா, வெச்சுக்கறீங்களா என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பது வயசு, காதில் சின்னத் தோடு, கழுத்தில் மெல்லிசான சங்கிலி. இவளிடம் கேட்டுவிடலாமா, என் தங்கச்சி என்ன நினைத்திருப்பாள் என்று? பைத்தியக்காரத்தனம். இப்போது விற்றால் நல்ல விலை. ஆனால் விற்றால் தள்ளுபடி என்று தான் நம்புவதாக ஆகிவிடும். வைத்துக்கொண்டால் தள்ளி வைத்ததாக நம்புகிறார், மெஷின் போவதை ஒத்துக்கொள்கிறார். ஒரு கேள்வி, ஆமாம் அல்லது இல்லை. இரண்டிலும் துளசிமணி எப்படி வந்து உட்கார்ந்தாள்? திருப்பூருக்குப் போகலாமா? பஸ் பிடித்து, இறங்கி, ஆட்டோ பிடித்து. ஒன்றரை மணி நேரம். அதற்குள் மெஷின் பெருமாநல்லூரில் இருக்கும். வாத்தியார் பின்னாலிருந்து, இன்ஸ்பெக்டர் ஏன் மொகரை ஒரு மாதிரி இருக்கு, காலைல கஞ்சி குடிக்கலியா என்று கேட்டார். போய் உங்க வேலையப் பாருங்க வாத்தியாரே என்றார். ஜெசிந்தாவுக்குப் பதில் சொல்லாமலே நாற்காலிக்குத் திரும்பினார். உட்கார்ந்த பிறகு, சொன்னோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது.

அப்புறம் ஆறு தடவை கூப்பிட்டார். ஏழா? பன்னிரண்டு நாற்பதுக்கு டிவியில் கோடு முறிந்தது. சரிந்ததென்று சொல்லக்கூடாது, முறிந்தது. நாச்சிமுத்து எழுந்து நின்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். துடைத்ததால் விலை ஏறவில்லை. ஜெசிந்தா தடுப்புக்கு வெளியே வந்தாள். அவள் அப்படி வருவதே இல்லை. கம்பெனி எழுதித் தந்துவிட்டது, தள்ளுபடிங்க, மேல்முறையீடும் தள்ளுபடி, தடையும் போச்சு, ஆணையம் போட்ட உத்தரவு இன்னையிலிருந்து நடப்புல வருது என்று வரிசையாகச் சொன்னாள். நாச்சிமுத்து, நான் சொன்னேன்ல, தள்ளிட்டாங்கன்னு காலைலயே சொன்னேன்ல என்றார். வாத்தியார், எதைச் சொன்னீங்க, ரெண்டுல எதைச் சொன்னீங்க என்று எகிறினார். சென்னியப்பனுக்கு முதலில் நானூற்றைம்பது பங்கின் ஞாபகம் வந்தது. அது தெரிந்தது, மறைக்கமுடியாது. அதற்குப் பின்னால், ஒரு அடி தள்ளி, துளசிமணி ஜெயித்துவிட்டாள் என்று ஒன்று வந்தது. அதற்கும் பின்னால், ஜெயித்ததைத் தெரியாமலே மெஷினை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். மூன்றும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வாசலில் நின்றன. எதை முதலில் உள்ளே விடுவது என்று தெரியவில்லை. சந்தோஷப்படவேண்டுமா? யாராவது சொன்னால் படலாம். மறுபடி கூப்பிட்டார். மரியாதைக்காரிதான் பேசினாள். வைடி போனை என்றார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. துளசிமணி. எடுத்தார். பின்னால் கடகடவென்று மெஷின் சத்தம். அதைக் கேட்டதும் இருந்த குழப்பம் போதாதென்று இன்னொன்று சேர்ந்தது. ஏற்றிவிட்ட மெஷின் எப்படி ஓடும்?

“ஏனுங்ணா, இத்தன தடவ கூப்புட்டிருக்கீங்க? போனு சார்ஜுல கெடந்துச்சு.”

“மெஷினு?”

“இருக்குதுங்ணா. ரெண்டு மெஷினு வண்டில ஏறிருச்சு. மறுபடி எறக்கியாச்சு.”

“நான் சொன்னத நீ என்னன்னு நெனச்ச?”

“தள்ளி வெச்சுட்டாங்கன்னு.”

“ஏன்? தள்ளுபடின்னு ஏன் நெனைக்கல?”

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

“உங்க கொரலு சந்தோசமா இருந்துச்சுங்ணா.”

“அதுக்கு?”

“அந்தக் கம்பெனிப் பங்கு வெச்சிருக்கீங்கள்ல. உங்களுக்குச் சந்தோசம்னா எனக்கு ஆகாததாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

நூல் கிலோ என்ன விலை என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். கோபம் இருக்கிறதா என்று தேடினார், அகப்படவில்லை. தை மாசம் வந்திருந்தபோது அவர் போன் அவள் மேஜை மேல் கிடந்ததாம். அதில் பங்குக் கணக்கு வந்து நின்றதாம். சரவேகா என்று பார்த்தாளாம். கேட்கவேண்டாமென்று இருந்துவிட்டாளாம். அப்படியானால் முயலைக் காட்டியது அதைப் பார்ப்பதற்கு முன்னாலா, பார்த்த பிறகா? பார்த்துவிட்டுத்தான் காட்டினாளா? கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். இன்னைக்கு எறங்கிருச்சுங்களாண்ணா என்று அவளே கேட்டாள். ம் என்றார். அவளும் எவ்வளவு என்று கேட்கவில்லை.

பேச்சை எங்காவது நகர்த்தவேண்டும் என்று, ஏத்தினத எறக்குனது எப்படி, யார் வந்து சொன்னது, சங்கத்துக்காரர்களா என்றார். இல்லையாம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்கிற ஒடிசாக்காரப் பொண்ணு ஒருத்தி, மெஷின் போனால் வேலை போச்சு என்று மூலையில் உட்கார்ந்து போனில் இந்தி நியூஸ் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இரண்டு மெஷின் ஏறினதும் காரிஜ், காரிஜ் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாளாம். துளசிமணி ஏதோ கார் வருகிறதென்று வாசலைப் பார்த்தாளாம். யாருக்கும் புரியாமல் போகவே அவள் உள்ளே ஓடி, மிச்ச நாலு மெஷினின் பெல்ட்டையும் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு, வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாளாம். தூக்கப்போனவனைக் கையில் கடித்தும் விட்டாளாம். கடைசியில் பெருமாநல்லூர்க்காரனே அவள் போனை வாங்கிப் பார்த்தானாம். அவனிடமும் இந்திக்காரர்கள் வேலை செய்கிறார்கள், அவனுக்குக் கொஞ்சம் தெரியும். அக்கா, தள்ளி வெச்சு வேற தேதி குடுத்திருந்தா தாரீக்னு சொல்லுவாங்க, இவ சொல்ற காரிஜ் வேற, கம்பெனிக்காரன வெரட்டியுட்டுட்டாங்கன்னு அர்த்தம், மெஷின எறக்கிக்கங்க என்றானாம். டீசல் காசு கூட வாங்கிக்கொள்ளாமல் போனானாம். துளசிமணி இதைச் சொல்லும்போது ஒரு இடத்தில் சிரித்தாள். கடித்த இடத்தில்.

நாச்சிமுத்துவும் வாத்தியாரும் இன்னும் ரெண்டில் எது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிவியில் சிவப்பு. சென்னியப்பன் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். அங்கே சத்தம் குறைவு. அந்தப் பொண்ணு துளசிமணியிடம் எத்தனை வருஷமாக இருக்கிறாள் என்று கேட்டார். நாலு வருஷம் என்றாள். நாலு வருஷத்தில் அவர் அந்த யூனிட்டுக்கு இருபது தடவையாவது போயிருப்பார். முகத்தை வரவழைத்துப் பார்த்தார். மஞ்சள் துணியும் குனிந்த தலையும் வந்தன. முகம் வரவில்லை.

“அவ பேரென்ன?”

அண்ணன் இப்படிக் கேட்டுத் துளசிமணிக்குப் பழக்கமில்லை.

“மினதிங்ணா.”

“முழுசாச் சொல்லு.”

“மினதி பெஹெரா.”